நின்று நின்று ஓடிய கம்ப்ரசர்

“பழையதை உடைத்தெறியும் துணிச்சல்காரர், ஆபத்தோடு விளையாடும் இளம் தொழில்முனைவர், பசுமைத் தொழில்நுட்பத்தின் புயல்.”

புதுத் தொழில்களைக் கைதூக்கிவிடும் ஆக்சிலரேட்டர் மையத்தின் பளபளப்பான கையேட்டில், பதினான்காம் பக்கத்தில், அவளைப் பற்றி அப்படித்தான் அச்சாகியிருந்தது. புயலுக்கு வயது நாற்பத்து நான்கு. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். உடைத்தெறிவதைப் பற்றிச் சொன்னால், கைப்பிடி போன கோப்பையைக்கூட ஒட்டவைத்து அதில் பேனா போட்டு வைப்பவள்.

பதினோரு வருடம் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையில் வேலை. அவளுக்கோ பாம்புச்செவி. பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினால் இங்கே சோறு இறங்காது. ஒருமுறை அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போய், அங்கே காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரை ஓட்டும் பெரியவரிடம் அவருடைய காதுக் கருவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவளுக்கு, வாசல் வரை வழியெல்லாம் ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். பெட்டி மடிக்கும் இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்று கொண்டுபோகும் குழாய்களில் மூட்டுக்கு மூட்டு ஒழுக்கு. ஒழுகும் காற்றை ஈடுகட்ட, கம்ப்ரசர் மூச்சுவிடாமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. பெரியவருக்கு அது கேட்காது. காது கேட்கிற மற்றவர்களுக்கும் பழகிப்போயிருந்தது.

அன்று ஆரம்பித்த பைத்தியம்தான் கம்பெனி ஆயிற்று. சமையலறைப் புனலுக்குள் ஒரு மைக். இரைச்சலுக்கு நடுவே காதுக்கு எட்டாத கீச்சொலியின் சுருதியைத் தணித்து, காதுக்கு எட்ட வைக்கும். யோசனை அவளுடையது, சால்டரிங் நாத்தனாருடையது. புனல் மாமியாருடையது, கேட்காமல் எடுத்தது.

மையம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதம் மேஜையும் கருவிகளும் ஒரு வழிகாட்டியும். கடை முதலாளி அதே மூன்று மாதம் லீவு தந்தார். மூன்றாம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு ஒப்புக்கொண்டால் இன்னும் ஒரு வருடம் பட்டறை. இல்லையென்றால் திங்கட்கிழமை பழைய நாற்காலி.

ஒப்புக்கொள்ளக் குழு கேட்டது ஆதாரம். வழிகாட்டி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: முதல் நாள் ஒழுக்கைத் தேடிச் சிவப்பு அட்டை கட்டணும், ஒரு வாரம் அளக்கணும், அப்புறம்தான் அடைக்கணும், மறுபடி அளக்கணும். ஒரு செவ்வாய்க்கிழமை அதே தொழிற்சாலைக்குப் போனாள். முதல் ஒழுக்கு காதில் விழுந்தது. கை தானாகப் பைக்குள் போய் ஸ்பேனரை எடுத்தது. இரண்டாவதும் அப்படியே. மத்தியானம் வெளியே வந்தபோது பையில் ஐம்பது சிவப்பு அட்டையும் கட்டுக் குலையாமல் இருந்தது. ஐம்பது ரப்பர் வாஷரில் மூன்றுதான் மீதி.

ஒரு வாரம் அளந்தார்கள். வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

“மேடம், இது ஒழுக்கே இல்லாத ஃபேக்டரி,” என்றான் வழிகாட்டி.

“இருந்துச்சு. சத்தம் தாங்கல, அடச்சிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். “வியாதி என்னன்னு எழுதறதுக்கு முன்னாடியே குணமாக்கின டாக்டர் நீங்கதான் அண்ணி. இனி எந்த நோயாளிய காட்டி பேரு வாங்குவீங்க?”

ஒரே வழி, திரும்பப் போய்த் தளர்த்தி, அளந்து, மறுபடி இறுக்குவது என்றான் அவன். போனாள். முதல் மூட்டில் ஸ்பேனரை வைத்தாள். கை வரவில்லை. நல்லா இருக்கிற மூட்டை எப்படிக் கெடுப்பது? கால் மணி நேரம் நின்றுவிட்டு, பக்கத்தில் தளர்ந்திருந்த ஆணி ஒன்றையும் இறுக்கிவிட்டு வந்து சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன் படுத்த கோட்டைக் காட்டினாள்.

“இதுக்கு முன்னாடி ஒழுகுச்சுங்கிறதுக்கு ஆதாரம்?” என்றார் குழுத் தலைவி.

“இல்லைங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

நாத்தனார் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள். அப்போது தொழிற்சாலையின் சார்பில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கம்ப்ரசர்காரர் எழுந்தார்.

“நான் ஒண்ணு சொல்லணும். இந்தம்மா மேல எனக்கு ஒரு புகார் இருக்கு.”

போச்சுடா என்று நினைத்தான் வழிகாட்டி.

“எட்டு வருஷமா என் மெஷின் வேலை நேரத்துல நின்னதே இல்ல. இவங்க வந்துட்டுப் போன செவ்வாய்க்கிழமையிலேருந்து நின்னு நின்னு ஓடுது. முதல் தடவை நின்னப்ப, நம்ம காதுதான் போச்சுன்னு இவங்க கடை காது மெஷினக் கழட்டித் தட்டிப் பார்த்தேன். அப்புறம் சுவிட்ச மாத்தினேன். மோட்டாரப் பிரிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நிக்குது! என்ன பண்ணினீங்கன்னு சொன்னா நானே சரி பண்ணிக்கிறேன்.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு தெரியுமா?” என்றார் தலைவி, மெதுவாக.

“தெரியாமயா?” பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. கக்கத்திலிருந்து தடி நோட்டை எடுத்து நீட்டினார். மீட்டரில் மோட்டார் எத்தனை மணி ஓடியது என்று நாள் தவறாமல் அவர் கையெழுத்தில் இருந்தது. திங்கள் வரை, வேலை நேரம் எட்டு மணி, ஓட்டம் எட்டு மணி. செவ்வாய்க்குப் பிறகு ஐந்து, ஐந்தே கால், ஐந்து. பக்கத்தில் சிவப்பு மையில்: ‘கோளாறு’.

நோட்டு மூன்று கை மாறியது. வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“ஐயா, அது கோளாறு இல்லைங்க,” என்றாள் அவள். “ஒழுக்கு நின்னுபோச்சு. அதான் காத்து நிரம்பினதும் கொஞ்சம் ஓய்வெடுக்குது.”

“மெஷினுக்கு என்னம்மா ஓய்வு? எனக்கே கிடையாது!”

முதலில் சிரித்தது தலைவிதான். ஒரு வருடப் பட்டறைக்கான கையெழுத்து அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விழுந்தது. அவள் கடை முதலாளிக்குப் போன் செய்து, நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். அதன் ஒரு கால் ஆடும், அட்டை வைக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னாள்.

கையேட்டின் அடுத்த பதிப்பில் ‘புயல்’ ‘சூறாவளி’யாகப் பதவி உயர்வு பெற்றது. அவள் செய்தது, ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், ஒரு முற்பகலில், நாற்பத்தேழு ஒழுக்குகளை அடைத்தது.