வழுக்கையாற்றை வாய்க்கால் ஆக்கியவன்

போன கார்த்திகை மழையில் என் தங்கையின் மகள் சுதாவின் புதுவீட்டுக் குசினிக்குள் சட்டிபானை மிதக்க முழங்கால் அளவு வெள்ளம். பார்க்கப் போன என்னிடம், கதிரைமேல் ஏறி நின்றபடி கேட்டாள்: "மாமா, பக்கத்திலை குளமும் இல்லை, கடலும் இல்லை. உது எங்கையிருந்து வருது?"

எனக்குத் தெரியும். ஆனாலும் வாளியொன்றை எடுத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினேன். செம்மண்ணும் அழுகிய புல்லும் கலந்த அந்த மணம் என்னை முதல் வேலைக்கே கொண்டுபோய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் மகாவலி ஆறு மலைநாட்டில் பிறந்து திருகோணமலைப் பக்கம் கடலில் விழுவதைக் கண்ணை மூடிக்கொண்டு படத்தில் கீறுவேன். அதுவரை ஓர் ஆற்றில் கால் நனைத்தவனில்லை. எனக்கு ஆறு என்பது சோதினைத்தாளில் வருவது. அப்படிப்பட்டவனைத்தான் நில அளவைத் திணைக்களத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரே ஆறான வழுக்கையாற்றை அளந்து படம் கீற அனுப்பினார்கள். கூட வந்தவள் நேசமலர், என்னைப்போலவே வேலைக்குப் புதிது. அவள் செருப்போடு லேசாக நடப்பாள். நான் புதுச் சப்பாத்தோடு சேற்றில் விழுவேன்.

தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடல்நீரேரி வரை நடந்தோம். மலையுமில்லை, ஊற்றுமில்லை. எங்கள் நிலத்துக்கு அடியில் கிடப்பது பழைய கடலொன்றின் சுண்ணாம்புக்கல். உடைத்தால் சிப்பி தெரியும். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துத் தாழ்வுகளை உண்டாக்கியிருக்கிறது. மாரியில் ஒரு தாழ்வு நிரம்பி அடுத்ததற்கு வழியும், அது அதற்கடுத்ததற்கு. அவ்வளவுதான் ஆறு. ஆனால் வயல்களுக்குள்ளால் அது சத்தமில்லாமல் நகர்ந்துபோனதைப் பார்த்த அன்று நான் மகாவலியை மறந்துபோனேன்.

நீலக்கோடு கீறி, 'வழுக்கையாறு' என்று நேசமலர் எழுதினாள். மேலதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"ஒன்பது மாசம் காஞ்சு கிடக்கிறதை ஆறெண்டு போட்டால் சிரிக்கமாட்டினமே? வாய்க்கால் எண்டு போடும்."

அவள் மாட்டேன் என்றாள். நான் சவர பிளேட்டை எடுத்து மையைச் சுரண்டி 'வாய்க்கால்' என்று எழுதினேன். வேலை நிரந்தரமாகாத காலம். வேறு சாட்டு என்னிடம் இல்லை.

"இது ஆறில்லையெண்டு மழைக்கு ஆர் போய்ச் சொல்லுறது? நீர் சொல்லுவீரே?" என்றாள் நேசமலர். பிறகு ஒரு வருஷம் என்னோடு கதைக்கவில்லை.

ஆற்றைத் தூர்க்கத் தயங்குபவர்கள்கூட வாய்க்காலைத் தூர்க்கத் தயங்குவதில்லை. மண்ணைக் கொட்டினார்கள், துண்டு துண்டாக விற்றார்கள். சுதாவின் காணியும் அப்படி வந்ததுதான்.

வெள்ளம் வடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு முறையிடப் போனேன். நாலு தரம் அலைக்கழித்தார்கள். ஒருநாள் கூட்டம், ஒருநாள் லீவு, ஒருநாள் அலுமாரியின் திறப்பு வேறு ஆளிடம். ஐந்தாம் தரம் ஓர் இளம் உத்தியோகத்தர் பழைய படத்தை விரித்தார்.

"ஐயா, வடிவாப் பாருங்கோ. இதிலை ஆறே இல்லை."

சுதா குனிந்து படத்தின் அடிமூலையைப் பார்த்தாள்.

"மாமா, இது உங்கடை கையெழுத்தெல்லே?"

"ஓம்" என்றேன். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

அன்று பின்னேரம் கனடாவிலிருக்கும் நேசமலருக்கு போன் எடுத்தேன். நான் சுரண்டுவதற்கு முன்பே அவள் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள்.

"சண்டையிலை இடம்பெயரேக்கை வீட்டையே விட்டிட்டு ஓடினனாங்கள். நீர் படத்தைக் கேக்கிறீர்" என்றாள்.

அந்தப் பிரதியில் ஒவ்வொரு தாழ்வுக்கும் ஊர்ச்சனம் சொன்ன பெயரையும் குறித்திருந்தோம். இருபதுக்கு மேல் இருக்கும். போனிலேயே இருவரும் சொல்லிப் பார்த்தோம். எவ்வளவு யோசித்தும் நாலு பெயர்தான் வந்தது. அதிலும் ஒன்று பிழை என்றாள்.