எறங்கினவரும் ஏறி வந்தவரும்

பிரேக் கட்டை சூடேறிக் கருகும் வாசனை வந்தால் கோடைக்கானலிலிருந்து பஸ் வருகிறது என்று அர்த்தம். வளைவு வளைவாகச் சரிவில் வந்து எங்கள் ஊர்த் தைலமரத்தடியில் அது நிற்கும்போது, அந்தக் கருகலோடு ஆரஞ்சுத் தோல் வாசனையும், வளைவுகள் ஒத்துக்கொள்ளாமல் யாரோ வாந்தியெடுத்த புளித்த நெடியும் கலந்து வரும். எழுபதுகளில், பள்ளங்கிக்குப் போகும் பாதையில் இருந்த எங்கள் சிற்றூருக்கு அதுதான் பொழுதுபோக்கு. பூண்டுக் காட்டில் வேலையாக இருப்பவர்கள்கூட நிமிர்ந்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், கையில் பெட்டியா வெறும் பையா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மறுபடி குனிவார்கள். பெட்டியோடு போகிறவர் மேல் பொறாமை, பெட்டியோடு வருகிறவர் மேல் சந்தேகம் என்று இரண்டையும் நாங்கள் குறைவில்லாமல் வைத்திருந்தோம்.

காரணம், எங்கள் மலையில் வாழ்க்கையில் ஜெயித்தவனுக்குப் பெயர் "எறங்கினவன்". இன்னார் மகன் "எறங்கிட்டான்" என்றால் அவன் கீழே சமவெளிக்குப் போய்விட்டான், மாதச் சம்பளம் வாங்குகிறான், வெயிலில் வெந்தாலும் பரவாயில்லை, பிழைத்துக்கொண்டான் என்று பொருள். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது "எறங்கின பையனா?" என்பதுதான் முதல் கேள்வி. போனவன் திரும்பி வந்து தங்கிவிட்டாலோ, "ஏறி வந்துட்டான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், துக்கச் செய்தி சொல்வது போல. கீழே இருப்பவர்களுக்கு இது தலைகீழ் என்பது எங்களுக்குத் தெரியாது. நான் கோடைக்கானலில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த டீச்சர் ஒருவர், "நல்லாப் படிச்சா எல்லாரும் வாழ்க்கையில மேல வரலாம்" என்றார். வகுப்பே விழித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "மேலதான டீச்சர் இருக்கோம், எறங்கத்தான் வழி தெரியல" என்றாள். வாய்க்கொழுப்பு என்று அவளை முட்டி போட வைத்தார்கள். பாவம், அவள் மனசறிந்து உண்மையைத்தான் சொன்னாள்.

எங்கள் குடும்பத்தில் எறங்கியவர் வேலுச்சாமி மாமா, அம்மாவின் தம்பி. மதராஸில் மோட்டார் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும் வேலை. அக்கா பழனியம்மாளை அவருக்குத்தான் கொடுப்பது என்று அவள் சிறு பெண்ணாக இருந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். "மச்சினன் எறங்கிட்டான்ல, அவனைக் கட்டி எம் பொண்ணும் எறங்கிரும்" என்று அப்பா டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை.

அந்த மாமா ஒரு நாள் பஸ்ஸிலிருந்து வந்து இறங்கினார். கோயில் கொடை இல்லை, கல்யாணம் காட்சி இல்லை. பெட்டி வந்தது, படுக்கைச் சுருள் வந்தது, கடைசியில் பஸ்ஸின் மேலிருந்து ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் இறங்கியது. ஸ்டவ்வைப் பார்த்ததும்தான் அப்பாவின் முகம் மாறிற்று. லீவில் வருகிறவன் எவனாவது ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வருவானா?

"என்ன மாப்ளே, திடீர்னு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல மச்சான். இங்க இருக்கப் புடிச்சிருக்கு. வந்துட்டேன்."

இந்தப் பதிலை ஊரில் ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. கம்பெனிப் பணத்தில் கை வைத்திருப்பான் என்றார்கள் சிலர். நெஞ்சில் சீக்கு, டாக்டர் மலைக்காற்று வாங்கச் சொல்லி அனுப்பியிருப்பார் என்றார்கள் சிலர். அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, அது தேடிக்கொண்டு வரப் போகிறது பாருங்கள் என்று காத்திருந்தவர்களும் உண்டு. மாமா ஒரு தடவை இருமினால் போதும், அப்பா எட்டி அவருடைய துண்டைப் பார்ப்பார். அம்மா கூடப்பிறந்த பாசத்தில் தம்பிக்காகப் பரிந்து பேசுவாள், ஆனால் அவர் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பூவோ சென்டோ வாசம் வருகிறதா என்று முகர்ந்து பார்க்கவும் தவறமாட்டாள். பாரஸ்ட்டுக்காரர்களின் ஜீப் வழக்கம் போல ஊர் வழியாகப் போன ஒரு நாளில் தெருவே மாமா தங்கியிருந்த தாத்தா வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எல்லாவற்றிலும் திருட்டுக் கதைதான் பிடித்திருந்தது, அதனால் துப்பறிகிற தோரணையில் அவர் பின்னாலேயே அலைந்தேன். அவர் தாத்தா காலத்துக் காட்டைக் கொத்தினார், பூண்டு நட்டார், மத்தியானம் மரத்தடியில் துண்டை விரித்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். திருடன் இப்படித் தூங்குவானா என்ற ஒன்றுதான் எனக்கு இடித்தது.

நடுவில் மாட்டிக்கொண்டது அக்காதான். "உண்மை தெரியாம பொண்ணக் குடுக்க முடியாது" என்று அப்பா சொல்லிவிட்டார். மதுரையில் மில் ஆபீசில் வேலை பார்க்கும் வத்தலக்குண்டுப் பையன் ஒருவனைத் தரகர் காட்டினார். எறங்கின பையன், சந்தேகத்துக்கு இடமில்லாத பையன். அக்கா விதைப் பூண்டைப் பல் பல்லாக உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சம்மதிக்கிறாளா இல்லையா என்று அவள் பாயில் படுத்துத் தூங்கும் எனக்கே தெரியவில்லை.

மே மாதச் சீசனில் ஒரு நாள் பிளசர் கார் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. அந்தக் கோடை வெயிலிலும் மப்ளரும் குல்லாவுமாக ஒரு பெரிய மனிதர் இறங்கி, "வேலுச்சாமி இருக்காரா?" என்று கேட்டார். மதராஸ் கம்பெனி முதலாளி! பிடிக்க வந்துவிட்டார்கள் என்று அம்மா உள்ளே போய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமாவைக் காட்டிலிருந்து கூட்டிவர ஆள் அனுப்பிவிட்டு, அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் முகத்தில் கவலையைவிட, சந்தேகப்பட்டது பலித்த நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

முதலாளி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவர மாதிரி நம்பிக்கையான ஆள் கிடைக்காதுங்க. மேனேஜர் சீட்டுலயே உக்காருங்கன்னு சொன்னேன். கேக்காம எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார். இந்நேரம் எவ்வளவோ மேல வந்திருக்க வேண்டிய ஆளு!"

"அதத்தாங்க நானும் தலையால அடிச்சுக்கிறேன்" என்றார் அப்பா. "மேல வந்துதான உக்காந்திருக்கான்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் அவ்வளவு ஒற்றுமையாக வேறு வேறு விஷயத்தைப் பேசி நான் அதற்குப் பிறகு ஆபீஸ் மீட்டிங்குகளில்தான் பார்த்திருக்கிறேன். மாமா மண் ஒட்டிய கையோடு வந்தார், முதலாளியைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார், ஒரு பை நிறையப் பூண்டும் பிளம்ஸ் பழமும் கட்டிக் கொடுத்தார், திரும்பி வர முடியாது என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அத்தோடு பழி நீங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. "திருடியிருந்தாக்கூட ஒரு காரணம்னு கெடக்கும்" என்று அப்பா அன்றெல்லாம் புலம்பினார். "காரணமே இல்லாம ஒருத்தன் ஏறி வந்திருக்கான்னா அவன என்னன்னு நம்புறது?" ஊரும் அதையேதான் சொன்னது. திருடனைக்கூட அவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

மதுரைப் பையன் வீட்டார் பெண் பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. "வெள்ளனே எந்திரிச்சுக் குளிச்சு வெரசாக் கெளம்பி நில்லு" என்று அப்பா முந்தின நாளே சொன்னார். அக்கா பூண்டுத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

"நான் எறங்கலப்பா."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வாக்கியம். அப்பாவுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை, திகைத்துவிட்டார். பிறகு மாமாவை ஆள் விட்டு அழைத்து, எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏலே வேலு, கொலசாமி மேல சத்தியமாச் சொல்லு. என்னத்துக்கு ஏறி வந்தே?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே மச்சான். இங்க இருக்கப் புடிச்சிருக்கு. வந்துட்டேன்."

"அப்ப நீ சொல்ல மாட்ட."

மாமா பரிதாபமாக நின்றார். அக்காதான் பேசினாள். "சொல்லிட்டாருப்பா" என்றாள். அப்பா அவளையும் ஏற இறங்கப் பார்த்தார், இவளும் ஏதோ மறைக்கிறாள் என்பது போல.

கல்யாணம் நடந்தது. அப்பா விறைத்துக்கொண்டேதான் தாரை வார்த்தார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலமெல்லாம் அந்த உண்மை என்றைக்காவது வெளிவரும் என்று காத்திருந்தார். பூண்டு விலை போகாத வருஷங்களில் மாமா வருந்துவார், வாய்விட்டுச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தார். மாமா வருந்தினார், ஆனால் பூண்டுக்காக மட்டும். அப்பா சாகும்வரை அவருக்கு அந்த மனிதரிடம் ஒரு குறையும் கிடைக்கவில்லை, நம்பிக்கையும் வரவில்லை.

நான் எறங்கினேன். மதுரையில் படிப்பு, அரசாங்க உத்தியோகம், ஒவ்வொரு படியாகப் பதவி, சொந்த வீடு. எண்பதுகளில் ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் நிற்குமிடத்தில் பெண்கள் தங்கள் மகள்களுக்கு என்னைக் காட்டுவார்கள். என் வெற்றியை ஊர் முழுக்க நம்பியது. நான்தான் அவ்வளவாக நம்பவில்லை. அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அவள் முகத்தையும் மாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, எங்காவது ஒரு வருத்தம், ஒரு சலிப்பு தட்டுப்படாதா என்று தேடியிருக்கிறேன். கண்டுபிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அந்தச் சொல் மலையில் இல்லை. கீழேயிருந்து கார்களில் வந்து "மேல ஒரு எடம்" வாங்கி வீடு கட்டுகிறவர்கள்தான் இன்றைக்கு ஜெயித்தவர்கள். எறங்கிட்டான் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே பஸ்ஸிலிருந்தா என்று கேட்கிறார்கள். மாமா போன வருஷம் காலமானார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்கூட்டம் கலைந்த பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்ற துணிச்சலில் நான் அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"இப்பவாச்சும் சொல்லுக்கா. மாமா என்னத்துக்கு ஏறி வந்தாரு? ஒங்கிட்டயாவது சொல்லியிருப்பாருல்ல?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை, எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள் என்றே நினைக்கிறேன்.

"அன்னைக்கு எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தானடி சொன்னாரு. நீயும்தான நின்ன" என்றாள். "அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்லையே."

பொய் சொல்கிறாளோ என்று வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை அப்படியே நம்பி ஒரு ஆயுளை வாழ்ந்து முடித்திருக்கிறாள். என்னிடம் இதுவரை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.