மெற்றில்டா அக்கா கற்ற இங்கிலிஸ்

குருநகர் மெற்றில்டா அக்கா இன்று காலை இறந்துவிட்டார்... நெஞ்சு வருத்தம், மாரடைப்பாம். மகள் வாட்ஸ்அப்பில் அறிவித்திருந்தார்.

நல்லூரில் பெரியவர்களுக்கான இங்கிலிஸ் வகுப்பில் நானும் அவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நான் லண்டன் விசாப் பரீட்சைக்காகச் சண்டிலிப்பாயிலிருந்து பஸ்ஸில் வருவேன். அக்கா சந்தையில் மீன் விற்று முடித்து, குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு வருவார்.

அவருக்குப் பரீட்சை ஒன்றும் இல்லை. மகன் கனடாவில்... பேத்திக்கு ஏழு வயது, தமிழ் தெரியாது.

"ஹாய் எண்டு சொல்லிப்போட்டுப் பிள்ளை மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருக்குது தங்கச்சி. அது எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு" என்று முதல் நாளே சொன்னார்.

எங்கள் எல்லோருக்கும் தண்ணி காட்டியது அந்த வினைச்சொல் வேர்ப் லிஸ்ற்தான். கோ, வென்ற், கோன்... ஒரு ஒழுங்கும் இல்லாமல் மாறுகிற சனியன்கள்.

அக்காதான் ஒரு வழி கண்டுபிடித்தார். செபமாலை சொல்வதுபோல வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் "கோ" என்று தொடங்க, மறு பக்கம் "வென்ற், கோன்" என்று முடிக்க வேண்டும். பத்துச் சொல் முடிந்தால் எல்லோரும் ஆமென்.

திருநீறு பூசிக்கொண்டு வந்த நாங்களும் சேர்ந்து சொன்னோம்.

"கட், கட், கட்" வரும்போது மட்டும் அக்காவுக்கு முகம் மலரும். "உது நல்ல பிள்ளை. நேற்று வெட்டினாலும் இண்டைக்கு வெட்டினாலும் ஒரே வெட்டு."

பிறகு கொழும்பில் எனக்குப் பரீட்சை, இரண்டு தரம் பெயிலாகி மூன்றாம் தரம். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வென்ற், ஏற், சோ, ஸ்லெப்ற்... எல்லாம் பிழையில்லாமல் சொல்லி, கடைசியில் ஆமென் என்றேன். பரீட்சை நடத்திய பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பாஸ்.

போனில் சொன்னபோது அக்கா சிரிக்கவே இல்லை. "சரிதானே. முடிச்சால் சொல்லத்தானே வேணும்."

இங்கே லண்டனுக்கு வந்தபின் வேலை, பிள்ளை... நாலு வருடத்தில் இரண்டு தடவைதான் அவருக்குப் போன் எடுத்திருப்பேன். நினைக்க என்னில் எனக்கே கோபம் வருகிறது.

மகள் ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். "போன ஞாயிறு அண்ணையின்ரை மகள் கனடாவிலையிருந்து எடுத்தவள். அம்மா அறைக்கதவைச் சாத்திப்போட்டு முக்கால் மணித்தியாலம் இங்கிலிசிலை கதைச்சவ. என்னம்மா கதைச்சனீங்கள் எண்டு கேட்டன்... அது எங்களுக்குள்ளை எண்டிட்டா."

அந்தப் பேத்திப் பிள்ளை செய்தி கேட்டதிலிருந்து சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறதாம்.

போயிட்டு வாங்கோ அக்கா.