ஆட்டைத் தூக்க இருவர்

தொண்ணூறுகளில் எங்கள் நிலம், கன்னடம் பேசும் நகரம் ஒன்றின் ஓரத்தில், விஜயநகர் மனைகள் முடியும் இடத்தையும் தாண்டி இருந்தது. ஒரு கிணறு, ஒரு ஆட்டுக்கொட்டகை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன வீடுகள். ஒன்றில் நானும் என் கணவரும். மற்றதில் அவருடைய அண்ணனும் அண்ணியும். அண்ணியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஸ்கூட்டரில் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க ஓரகத்திகள் நாங்கள் இருவர்தான். எங்களுக்குள் பேச்சு நின்று போயிருந்தது.

அதற்குக் காரணம் அக்கா வளர்த்த செம்மறிகளில் ஒன்று. நான் ஆசையாக நட்டு வைத்த மல்லிகைப் பதியன்களை அது ஒரே காலையில் மேய்ந்துவிட்டது. நான் கத்தினேன். அவரும் கத்தினார். காட்டோரக் கிராமமான கோபிநத்தத்துப் பெண்ணின் குரலுக்கு முன்னால், டவுனில் அக்ரஹாரத்துச் சந்தில் வளர்ந்த என் குரல் எடுபடவில்லை.

ஒரு மதியம் அதே ஆட்டை நாய்கள் பிடித்துவிட்டன. அக்கா கடைக்குப் போயிருந்தார். அலறல் கேட்டு, கையிலிருந்த துடைப்பத்தோடு ஓடினேன். நாய்களை விரட்டிவிட்டுப் பார்த்தால், பின்தொடை கிழிந்து தொங்கியது. தோளில் கிடந்த துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். அக்கா வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் பையைக் கீழே போட்டுவிட்டு டாக்டரை அழைத்துவரப் போனார்.

கால்நடை டாக்டர் ரோமத்தைக் கத்தரித்து, புண்ணைக் கழுவித் தைத்து, ஊசி போட்டார். காயம் ஆறிவிடும், ஆனால் படுத்தே கிடந்தால் பிழைக்காது, அடிக்கடி தூக்கி நிறுத்த வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். கிளம்பும்போது இரண்டு விரலைக் காட்டி, “இப்பரு பேக்கம்மா,” என்றார். தூக்க இரண்டு ஆள் வேண்டுமாம்.

மறுநாள் அக்கா தனியாகவே முயன்றார். ஆடு சரிந்தது. அவரும் அதன் மேலேயே சரிந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

ஆட்டின் வயிற்றுக்கு அடியில் கோணிச்சாக்கை நுழைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

“பொறு சாமி, அந்தப் பக்கம் கெட்டியாப் புடிச்சாத் தூக்கிரலாம்,” என்றார் அக்கா, ஆட்டிடம்.

“புடிச்சாச்சு, எழுந்திரும்மா,” என்றேன் நானும் ஆட்டிடமே.

கால்கள் நனைந்த துணி போல மடங்கின. புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்வதும் காலை நீவிவிடச் சொல்வதும் கூட ஆட்டிடம் பேசுவது போலத்தான் நடந்தது.

புண் ஆறுவதற்காக வீட்டோரம் தனியாகப் போட்டிருந்த அந்த ஆடு, பிறகு தீனி எடுப்பதை நிறுத்தியது. ஆலந்தழையை வாயருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொட்டகையில் மற்ற ஆடுகள் கத்தும்போது மட்டும் காதை நிமிர்த்தும்.

“தனியா இருக்கறதாலதான் அக்கா. இன்னொரு ஆட்டைப் பக்கத்துல கட்டிப் பாக்கலாமே,” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அவரைப் பார்த்தே.

அக்கா நிமிர்ந்தார். “அதுவுஞ் செரிதான் அம்மிணி,” என்று எழுந்து போய் ஒரு குட்டி ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார். அது தழையைக் கடிக்க ஆரம்பித்ததும் இதுவும் மெல்ல வாயைத் திறந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சாக்கைப் பிடித்தபடி நிறைய பேசினோம்.

“நீ டவுன்காரி. டாக்டருகிட்டப் பொளபொளன்னு கன்னடம் பேசறே. என்ற கன்னடத்தக் கேட்டாக் கடையில சிரிக்கறாங்கோ. நீயும் சிரிப்பேன்னுதான் ஒதுங்கியே இருந்துட்டேன்.”

“எனக்குக் கிணத்துல தண்ணி சேந்தக்கூட வராதே அக்கா. இவ எதுக்கும் லாயக்கில்லன்னு நீங்க நினைக்கறீங்கன்னுதான் நானும் ஒதுங்கி இருந்தேன்.”

அக்கா சிரித்ததில் சாக்கு குலுங்கி, ஆடு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

ஒருநாள் அவருடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, “என்ன அம்மிணி, கனமே தெரியல?” என்றார். குனிந்து பார்த்தேன். சாக்கு வயிற்றைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடு நடுங்கிக்கொண்டு தன் காலில் தானே நின்றிருந்தது. சத்தம் போட்டால் விழுந்துவிடுமோ என்று இருவரும் மூச்சுக்கூட விடவில்லை.

அது கடைசிவரை நொண்டிதான். ஆனால் மேய்ந்தது, குட்டியும் போட்டது. மேய்ச்சல் முடிந்து மற்றவை திரும்பும்போது அது மட்டும் பின்தங்கிவிடும். அதனால் சாயங்காலம் இருவருமே போவோம், அக்கா முன்னால் மற்ற ஆடுகளோடு, நான் பின்னால் அதனோடு. இடைவெளி கூடிக்கொண்டே போகும். அக்கா திரும்பித் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில் என்னோடு பேசிக்கொண்டே நடப்பார்.