சந்தானத்தின் மன்னி

சந்தானத்தின் அறையை ஈரத்துணியால் துடைக்கும் வேலையை நாகலக்ஷ்மி வேலைக்காரியிடம் விட்டதில்லை. மண்டியிட்டுத் துடைத்து முடித்ததும் வெறும் உள்ளங்கையால் தரை முழுவதையும் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். ஒரு மணல் துகள் தட்டுப்பட்டாலும் மறுபடி துணியை நனைப்பாள். அவளுடைய மைத்துனன் மூன்று வயதில் வந்த ஜுரத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவன். முப்பது வருஷமாக உள்ளங்கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்தே வாழ்கிறவன். அதே கைகளால்தான் அவன் படமும் வரைந்தாக வேண்டும்.

கல்கத்தா பவானிபூரில் ஒரு சந்துக்குள் இருந்த அந்தக் கீழ்வீட்டில், அவன் அறைச் சாமான் எதுவும் முழங்காலுக்கு மேலே போகாது. குடிதண்ணீர்க் கூஜா, சாயக் கிண்ணங்கள், முகம் பார்க்கும் கண்ணாடி, விளக்கு எல்லாம் தாழ்வாகத்தான். வரைபலகை நான்கு செங்கல்மேல் சாய்ந்திருக்கும். ஜன்னல் கம்பியிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று தொங்கும். அதைப் பிடித்து எழுந்து உட்காருவான். இத்தனையும் நாகலக்ஷ்மியின் ஏற்பாடு. பதினாலு வயதில் அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு ஆறு வயது. வந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழந்தையின் கைக்கு எட்டாத பொருள்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். வந்த மருமகள் வீட்டையே பள்ளத்தில் தள்ளிவிட்டாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். பிறகு அவள் கணவன் வெங்கடராமனுக்குக் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு ஆபீஸில் வேலையாயிற்று. மாமியார் காலமானதும் தம்பியும் கூட வந்துவிட்டான்.

கிளைவ் தெருவில் சீமைத் துணி இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றுக்குச் சந்தானம் சீட்டுப் படம் வரைந்து கொடுத்தான். துணிக்கட்டின்மேல் ஒட்டுகிற வர்ணச் சீட்டு அது. எழுத்து தெரியாத வியாபாரிகூட, மயில் மார்க்குத் துணி கொடு, ஊஞ்சல் அம்மாள் மார்க்குக் கொடு என்று படத்தைச் சொல்லித்தான் வாங்குவான். சந்தானம் வரைகிற தேவிகளுக்குப் பாதம் மட்டும் எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கம்பெனி குமாஸ்தா அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டே வாங்கிப் போவார்.

1913ஆம் வருஷ மழைக்காலத் தொடக்கத்தில் அவனுக்கு முதலில் கண் இமைகள் வீங்கின. பிறகு முகம். பிறகு, ஒருநாளும் சதை பிடிக்காத அந்தக் கால்கள் மினுமினுவென்று பருத்தன.

“பாருங்கோ மன்னி, முப்பது வருஷம் கழிச்சு எனக்கும் கால்னு ஒண்ணு வந்திருக்கு” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே டாக்டர் நிவாரண் பாபுவை அழைத்துவரச் சொன்னாள். அவர் கண்ணைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், சிறுநீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தார். குண்டிக்காய் கெட்டு உடம்பில் நீர் தங்குகிறது என்றார். மருந்து பாதி, பத்தியம் பாதி. பாலும் கஞ்சியும் பழமும்தான் ஆகாரம். உப்பு ஒரு கல்கூட உடம்பில் சேரக்கூடாது.

அன்றுமுதல் நாகலக்ஷ்மி அவனுக்கென்று தனி அடுப்பு மூட்டினாள், தனிக் கரண்டி வைத்துக்கொண்டாள். வீட்டு உப்புச்சட்டியைப் பரண்மேல் தூக்கி வைத்தாள். வெங்கடராமனுக்கு ரசத்தில் உப்பு குறைந்தால், நாற்காலி போட்டு ஏறி அவரே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். திங்கட்கிழமைதோறும் சந்தானம் ஒரு பழுப்புக் காகிதத்தின்மேல் பாதத்தை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தான். ஒரே காகிதம், ஒரே பாதம். வீக்கம் வற்றினால் அடுத்த கோடு உள்ளே விழவேண்டும்.

மூன்று வாரம் ஆயிற்று. மூன்றாவது கோடு இரண்டாவதற்கும் வெளியே விழுந்தது. விரல்களும் தடித்துவிட்டதால் தூரிகை நழுவிற்று. மயில் ஒன்று கழுத்தோடு நின்றுபோயிற்று.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நாகலக்ஷ்மியிடம் வங்காளியில் உப்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். ஒரு கல்கூட இல்லை என்று அவள் தன் அரைகுறை வங்காளியில் சத்தியம் பண்ணினாள். அப்படியானால் இது வீட்டுப் பத்தியத்துக்கு அடங்குகிற கேஸ் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் வீக்கம் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார். வெங்கடராமன் மறுநாளே ஒரு குதிரை வண்டிக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு.

 அண்ணா ஆபீஸ் போனதும் சந்தானம் மன்னியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

“அங்கே கட்டில்மேல போட்டுடுவா மன்னி. உசரக் கட்டில். அதுலேர்ந்து நான் எப்படி எறங்குவேன்? தண்ணி வேணும்னாக்கூட யாராவது வரணும். பல்லி மாதிரி ஒசக்க ஒட்டிண்டே செத்துப்போவேன்.”

நான் இருக்கேன் என்று அவள் சொன்னாள். சொன்னபிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பால்காரன் பாலில் எதையாவது கலக்கிறானோ என்று அவன்கூட மாட்டுத் தொழுவம்வரை போய் நின்று கறக்கச் சொல்லி வாங்கினாள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதோ என்று அண்டைவீட்டுக் குழாயடியில் குடத்தோடு காத்து நின்றாள். பாத்திரம் தேய்க்கிறவள் சாம்பலோடு உப்பைப் போட்டுத் தேய்க்கிறாளா என்று கேட்கப்போய், அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு வேளை வேலைக்கு வரவில்லை. அப்பளம் கிப்பளம் தம்பிக்கு நீட்டினீர்களா என்று கணவனையே கேட்டாள். வெங்கடராமன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, நான் அந்தப் பக்கம் போனால்தானே நீட்டுவதற்கு என்றார். அதுவும் உண்மைதான். தம்பியின் முகத்தைப் பார்க்க அவர் பயந்துகொண்டிருந்தார்.

மழை நான்கு நாளாக விடவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், பால் குடித்ததும் குமட்டுகிறது என்று சந்தானம் குரல் கொடுத்தான். தினமும் உள்ளதுதான். நாகலக்ஷ்மி வழக்கம்போல நார்த்தங்காய் எடுக்க ஜாடியைத் திறந்தாள். கும்பகோணத்திலிருந்து அவள் அம்மா அனுப்பிய ஜாடி அது. அவள் பிறந்த வீட்டில் யாருக்கு வாந்தி என்றாலும், நாக்கு செத்துப்போயிற்று என்றாலும், பிள்ளை பெற்றவளுக்கு வாய்க்கசப்பு என்றாலும் அதுதான் மருந்து. மருந்து டப்பாக்களோடுதான் அந்த ஜாடியும் இருந்தது.

மழை ஈரத்தில் துண்டுகள் கசிந்து நசநசவென்று இருந்தன. பூஞ்சை பிடித்துவிடுமே என்று ஒரு வெள்ளைத் துணியில் பரப்பித் தனி அடுப்பின் பக்கத்தில் வைத்தாள். ஒரு துண்டைச் சந்தானத்துக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலையாகப் போனாள். சாயங்காலம் வந்து துண்டுகளை அள்ளியபோது துணி மொடமொடவென்று விறைத்து நின்றது. உதறினாள். வெள்ளையாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் கூட்டி அள்ளினால் ஒரு பிடி இருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தாள்.

நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து உள்ளே உப்பை அடைப்பது அவளுக்குத் தெரியாததா? ஏழு வயதிலிருந்து அவள் கையாலேயே அடைத்திருக்கிறாள். உப்பு என்று டாக்டர் சொன்னபோது சட்டி ஞாபகம் வந்தது, சாம்பார் ஞாபகம் வந்தது, அப்பளம்கூட ஞாபகம் வந்தது. மருந்து ஞாபகம் வரவில்லை.

கையைக் கழுவாமலே சந்தானத்தின் அறைக்குப் போனாள்.

“இதுல உப்பு இருக்கு, சந்தானம்.”

அவன் அவள் உள்ளங்கையைப் பார்த்தான். “இருக்கு” என்றான்.

“ஒனக்குத் தெரியுமா?”

“நாக்கு சாகலையே மன்னி. நாள் பூராவும் வெள்ளையா ஒரு தண்ணி. மத்தியானம் அந்த ஒரு துண்டு வாயில இருக்கறச்சேதான் நான் மனுஷாளோட சேந்திருக்கற மாதிரி இருந்தது. சொன்னா நிறுத்திடுவேள்.”

“ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்னு என் தலைப்பைப் பிடிச்சுண்டு அழுதது யாருடா?”

“அதுவும் நான்தான்.”

அவளுக்கு அவனை ஓர் அறை விடலாம்போல இருந்தது. வீங்கின கன்னத்தில் அறைந்தால் விரல் பதிந்துவிடும் என்றும் தோன்றியது. அவன் குரலைத் தாழ்த்தி, அண்ணாவிடம் சொல்லவேண்டாம், ஜாடியை எங்கேயாவது கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றான்.

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி வரும். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்ல அவளிடம் வேறு காரணம் இல்லை. சொன்னாலோ, இவனை நீ ஒழுங்காகத்தான் பார்த்துக்கொள்கிறாயா என்று, இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்காத கேள்வியைக் கேட்பார்கள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். விளக்கை ஏற்றிவிட்டு, ஏற்றியதை மறந்து மறுபடி தீப்பெட்டியைத் தேடினாள்.

வெங்கடராமன் டிராமிலிருந்து இறங்கி நனைந்த குடையோடு உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றக்கூட விடாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சந்தானத்துக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஜாடியைத் திறந்து பார்த்தார், மூடினார். கையலம்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் சாதம் வேண்டாமென்று எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவரே போய் நிவாரண் பாபுவை அழைத்துவந்தார். டாக்டர் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல்வழியாகத் துப்பினார், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.

“இது காய் இல்லை மா, உப்புக்கட்டி” என்றார் வங்காளியில். தினம் ஒன்று, மூன்று வாரம் என்று அவள் சொன்னதும் இன்னொரு தடவை கொப்பளித்துத் துப்பினார். பிறகு வெங்கடராமனிடம் பேசினார். பத்தியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ளவேண்டும். உண்மையாகவே உப்பை நிறுத்தினால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதுவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவரால் உறுதி சொல்லமுடியாது. மறுபடி ஒரு துண்டு உள்ளே போனால் தன்னைக் கூப்பிட வேண்டியதில்லை. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பது வீட்டார் பாடு.

அவர் போகும்போதே சந்து முனையில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. சந்தானம் கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தான். பழுப்புக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது கோட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

வெங்கடராமன் வெளியே போனார். வண்டிக்காரனோடு ஏதோ வாக்குவாதம் நடந்தது. பிறகு சக்கரங்கள் திரும்புகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை நாகலக்ஷ்மியும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் ஜோட்டை வாசலிலேயே கழற்றியிருந்தாலும் மழைச் சேறு உள்ளே வந்திருந்தது. நாகலக்ஷ்மி துணியை நனைத்துக்கொண்டு மண்டியிட்டாள். வெங்கடராமன் ஆபீஸ் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிலைப்படிக்கு உள்ளே நின்றார். பல நாள் கழித்துத் தம்பியை நேராகப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“அடுத்த வெள்ளிவரைக்கும் வண்டி வேண்டாம்னுட்டேன்.”

சந்தானம் கயிற்றை விட்டுவிட்டு மெல்லச் சாய்ந்து படுத்தான்.

“ஜாடியை நான் எடுத்துண்டு போறேன். ஆபீஸ்ல யாருக்காவது கொடுத்துடறேன். ஆனா உப்பு இந்த ஊர்ல எல்லாக் கடையிலயும் கிடைக்கும், நாகு. ரெண்டு நாள்ல இவன் கையை நீட்டுவான். ஒண்ணே ஒண்ணுன்னு கேப்பான். இவன் கேட்டு நீ இல்லேன்னு சொன்னதை நான் இதுவரைக்கும் பாத்ததில்லே. இந்த ஒரு வாரம் சொல்லுவியா?”

அவள் துணியைப் பிழிந்தாள். உள்ளங்கையால் தரையைத் தடவினாள். ஜன்னல் ஓரம்வரை போய், திரும்பி, செங்கல் பக்கத்தில் மறுபடி தடவினாள். சந்தானம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்கவில்லை.

 வெங்கடராமன் ஜாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, துடைத்த இடத்தில் கால் படாமல் ஓரமாக அறையைவிட்டுப் போனார்.