மற்றும் பலர்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஜிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில், ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடுகிற கடை. புதுத்துணி தைக்க மாட்டாள். பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவது, நீளத்தைக் குறைப்பது, இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது, பெருத்தவர்களுக்கு விட்டுக்கொடுப்பது, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ஜிப் போடுகிறவள் தன் வாய்க்கு ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்று சாவிக்கடைக்காரர் கேலி செய்வார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சொன்ன நாளைக்கு முன்னால் வந்து அவசரப்படுத்துகிறவர்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

அவள் கணவன் நீர்மூழ்கிக் கப்பலில் சமையல்காரன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முழுதாகச் சேர்ந்து இருக்கவில்லை. எப்போது கிளம்புகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் மூச்சுவிடக் கூடாதென்பது அவர்கள் வேலையில் சட்டம். ஒருநாள் பயிற்சிக்குப் போன கப்பல் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மகள் அப்போது வயிற்றில் இருந்தாள். ஆற அமர அழக்கூட வழியில்லாமல் மெஷினில் உட்கார்ந்தவள்தான், இன்றுவரை அதுதான் சோறு போடுகிறது.

கப்பல் போன நாளன்று வருஷா வருஷம் துறைமுகத்து நினைவுக்கல்லுக்கு முன்னால் கடற்படைக்காரர்கள் பந்தல் போடுவார்கள். இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான். வாசிப்பது பதவி வரிசைப்படி. கேப்டன் முதலில், சமையல்காரன் கடைசியில். தலைமை விருந்தினர் என்று வருகிற மனிதர் எந்த வருஷமும் நேரத்துக்கு வந்ததில்லை. வந்தபின் பேச்சையும் குறைப்பதில்லை. கடைசியில் இடிப்பது பெயர்களின் தலையில்தான். பாதி தாண்டியதும் யாராவது வாசிப்பவர் காதில் போய்க் கிசுகிசுப்பார், அவரும் ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடுவார். இத்தனை வருஷமாக ஜிப்பக்காவின் கணவன் அந்தப் ‘பலரில்’ ஒருவன்.

இந்த வருஷம் விட்டால் ஆகாது என்று அவளுக்கு ஆகிவிட்டது. மகள் தன் கணவனோடு வெளிநாடு போகிறாள், போனால் திரும்புவது எப்போதோ. போவதற்கு முன் ஒருமுறை விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அப்பாவின் பெயரை அம்மாவின் வாயால் மட்டுமே கேட்டு வளர்ந்த பெண். அவள் பக்கத்தில் இருக்கும்போது, நாலு பேர் முன்னால், அந்தப் பெயர் ஒலிக்க வேண்டும். அதற்குமேல் ஜிப்பக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கடற்படை அலுவலகத்துக்குப் போனாள். இளம் அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே கையை விரித்தார். வரிசை மேலிடத்து முடிவாம். பெயர்தான் கல்லில் பொறித்திருக்கிறதே என்றும் சமாதானம் சொன்னார்.

“கல்லுல இருந்து என்ன சார், கல்லு கூப்பிடுமா?” என்றாள்.

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. வெளியே வந்து பேருந்துக்கு நிற்கையில் அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கத்தியிருந்தால் திரும்பக் கத்தியிருக்கலாம். இப்படித் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறவனை என்ன செய்ய முடியும்?

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு நேராகக் கேப்டன் மனைவியின் வீட்டுக்குப் போனாள். விழாவில் முன்வரிசையில் உட்கார்கிற அம்மாள். தலையசைப்பைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஜிப்பக்கா சுற்றிவளைக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரர் பேரு வருஷா வருஷம் என் காதுல விழுதும்மா. எங்க வீட்டுக்காரர் பேரை நீங்க ஒருதடவையாவது கேட்டிருக்கீங்களா?”

அந்த அம்மாள், “அவர் பேரைச் சொன்னதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் காதுல விழாது. நெஜமா கவனிச்சதில்ல” என்றார். அதைக் கேட்டு ஜிப்பக்காவுக்குக் கோபம் வந்தது, கோபப்பட முடியாமலும் இருந்தது. பேசிப் பார்க்கிறேன் என்று அந்த அம்மாள் வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார். பேசிப் பார்ப்பாராம். எத்தனை பேர் இதையே சொல்லிக் கேட்டாகிவிட்டது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

விழா அன்று விருந்தினர் வழக்கம்போல் தாமதம். வழக்கம்போல் பேச்சு. மகள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே, “இப்படித்தானாம்மா எப்பவும்?” என்று கேட்டாள். வாசிப்பவர் காகிதத்தைப் பிரித்ததும் முன்வரிசையில் கேப்டனின் மனைவி எழுந்து நின்றார்.

“தம்பி, கொஞ்சம் இருங்க. கப்பல் தண்ணிக்கு அடியில போறதுக்கு முன்னாடி கேப்டன் கடைசியாத்தான் உள்ள இறங்குவார். மூடியை அவர்தான் சாத்துவார். அது உங்களுக்கே தெரியும். கீழ இருந்து படிங்க.”

வாசிப்பவர் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி விருந்தினரைப் பார்த்தார். அந்த அம்மாளை உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காகிதம் தலைகீழாக வாசிக்கப்பட்டது. முதல் பெயர் சமையல்காரனுடையது.

மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயர் ஒலித்தது ஒரு தும்மல் நேரம்தான். இதற்காகவா இத்தனை வருஷம் வயிறெரிந்தோம் என்று ஜிப்பக்காவுக்கு ஒருகணம் தோன்றியது. ஆமாம், இதற்காகத்தான். மகளின் முகத்தைப் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இதுவரை ஒலிக்காத பெயர்கள். பின்வரிசைகளில் யாரோ விம்மினார்கள், யாரோ ஒரு கிழவரைத் தாங்கி எழுப்பினார்கள். விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய உதவியாளர் குனிந்து போய் வாசிப்பவர் காதில் கிசுகிசுத்தார்.

“மற்றும் பலர்” என்றது ஒலிபெருக்கி.

கேப்டனின் மனைவி இன்னும் நின்றுகொண்டிருந்தார். தன் கணவன் பெயர் வரும் என்று இத்தனை வருஷம் ஜிப்பக்கா எப்படி நிமிர்ந்து நின்றாளோ, அப்படியே. சொல்லி முடித்தபிறகும் அவருக்கு அது விளங்கவில்லை, வாசிப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த காரியம் முடிந்துவிட்டது, ஜிப்பக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அதே எரிச்சல், அதே இடத்தில், இம்மி குறையாமல் ஏறியது. எழுந்தாள்.

“தம்பி, இன்னும் ஆள் இருக்கு. படிங்க.”

அன்று தண்ணீர் கொடுத்து அனுப்பிய இளம் அதிகாரி வேகமாக அவளிடம் வந்து, தாழ்ந்த குரலில், “அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரைத்தான் முதல்லயே படிச்சாச்சே” என்றார்.

“படிச்சீங்க” என்றாள் ஜிப்பக்கா. “அவர் தனியாப் போகலையே தம்பி.”