மார்கரெட் வீட்டுப் புகைபோக்கி

பக்கத்து வீட்டு மூதாட்டியின் புகைபோக்கியை அடைத்தவன் நான். அடைத்துவிட்டு இல்லை என்று சொன்னவனும் நான்தான்.

லண்டனுக்கு வந்த புதிதில், இரண்டு வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. லூயிஷாமில் எங்களுக்கும் மார்கரெட்டுக்கும் நடுவில் அப்படியொரு சுவர். எண்பதை நெருங்கிய மார்கரெட் குளிர்காலம் முழுவதும் விறகு எரிப்பார். இரண்டு வீட்டுப் புகைப்பாதைகளும் அந்தச் சுவரோடு சேர்ந்தே மேலே போகின்றன. இடையில் ஒரு செங்கல் அகலம்தான்.

நாங்கள் விறகு எரிப்பதில்லை. சாமித்தட்டைக் கிழக்குப் பார்த்து வைக்க, முன்னறையில் புடைத்து நின்ற எங்கள் புகைபோக்கி இடைஞ்சலாக இருந்தது. கட்டட அனுமதி தரும் கவுன்சிலுக்கும் சொல்லாமல், மார்கரெட்டுக்கும் சொல்லாமல், எங்கள் ஆள் ஒருவரைப் பிடித்து இடிப்பித்தேன். நடுச்செங்கல் உடைந்து, கற்கள் அந்தப் பக்கம் சரிந்த சத்தம் எனக்கும் கேட்டது.

"அங்கால விழுந்திட்டுதோ?"

"கொஞ்சம்தான் அண்ணை. பூசிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

பூசிவிட்டோம். ஊரில் வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்த அயலவருடன் என் ஐயா பத்து வருடம் வழக்காடினார். அந்த மனிதரைக் கள்ளன் என்றே சொல்லி வளர்ந்தவன் நான். பிறகு பௌதிகம் படிப்பித்தவன். அடைபட்ட பாதையில் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

குளிர் தொடங்கிய ஒரு பின்னேரம் மார்கரெட் வீட்டு நச்சுப்புகை அலாரம் அலறியது. இருமிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"டேவ் சரியாகத் துப்புரவு செய்யவில்லை," என்றார். டேவ் ஆண்டுதோறும் அவருடைய புகைபோக்கியில் கரி அள்ளுபவர். "உங்கள் பக்கம் இடிக்கும் சத்தம் கேட்டதே, அந்த வேலையால் ஒன்றும் ஆகியிருக்காதே?"

"இல்லை," என்றேன். ஓடிப்போய் அவர் வீட்டு யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். தனக்காகப் பதறுகிறேன் என்று நினைத்து, அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு முன்னாலேயே டேவைத் தொலைபேசியில் அழைத்து, இனி வரவேண்டாம் என்றார்.

இரண்டு குளிர்காலம் மார்கரெட் விறகு எரிக்கப் பயந்து, வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். கடைசியில் என் மனைவி தீப்பெட்டியை என் கையில் வைத்தாள்.

"அந்த மனுசி விறைச்சுப்போய் இருக்கிறா. இனி இந்தச் சாமித்தட்டில நான் விளக்குக் கொளுத்தமாட்டன். விருப்பமெண்டால் நீங்களே கொளுத்துங்கோ."

"இப்ப சொன்னால் கவுன்சில் சும்மா விடுமோ?"

"கவுன்சில் உங்களைத் தின்னாது. போய்ச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். மார்கரெட் கதவைப் பிடித்தபடி கேட்டார்.

"அன்றைக்கு நான் அலாரம் கேளாமல் கதிரையில் உறங்கிப்போயிருந்தால்?"

அன்றிரவே கவுன்சிலுக்கு நானே எழுதினேன். டேவைத் தேடிப்பிடித்து நடந்ததைச் சொன்னேன். "இரண்டு வருடமாக அந்த அம்மா என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறார், தெரியுமா?" என்றார். ஆனாலும் வந்தார். ஐந்து வாளிக் கல்லும் சாந்தும் எடுத்தார், உடைந்த இடத்தைக் கட்டி அடைத்தார். என்னை உள்ளே வர மார்கரெட் விடவில்லை. வாளிகளை வாசற்படியில் வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

டேவிடம் மார்கரெட் மன்னிப்புக் கேட்டார். என்னுடன் பேசுவதில்லை. என் வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைப்பார். சில நாட்களில் அதுவும் இல்லை.

இப்போது அவர் நெருப்பு மூட்டினால் எங்கள் பக்கச் சுவர் மெல்லச் சுடுகிறது. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்கிறேன். ஒரு கணம் சுகமாக இருக்கிறது. பிறகு, கேளாமல் எடுத்த பொருளைப்போல அந்தச் சூடு முதுகில் உறுத்த, கதிரையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுகிறேன்.